கொட்டாவிக்காக முடித்துக் கொடுத்த வேலை

ஒன்பது மணிக் கூட்டத்துக்கு நான் எட்டு ஐம்பத்தைந்துக்கே வந்து உட்கார்ந்துவிடுவேன், ஹெச்.ஆர். மேடம். மேலே இஸ்திரி போட்ட சட்டை. கீழே என்ன என்பது என் சொந்த விஷயம். படுக்கையறை மூலையில் துணி மடிக்கும் மேசைதான் என் அலுவலகம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவனை நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் கூடுதல் கவனம்.

வாஷிங் மெஷின் வாங்கி நொந்தவர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுவது எங்கள் வேலை. கூட்டத்தில் யார் என்ன கேட்டாலும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். பொழுது சாய்வதற்குள் முடித்துக் கோடு போட்டு அடித்துவிடுவேன். மறுநாளுக்குத் தள்ளியதாகச் சரித்திரமே கிடையாது.

"ஆபீஸ்காரங்க தும்மினாக்கூட எழுதி வைப்பீங்க. நான் சொன்ன குழாய் மட்டும் மூணு மாசமா சொட்டுது" என்பாள் மனைவி. குழாயைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

கொட்டாவிக்கு வருகிறேன். எங்கள் டீமில் இளையவன், அவன் வீட்டில் இரட்டைக் கைக்குழந்தைகள். ஒன்று கண் அசந்தால் மற்றது விழித்துக்கொள்ளும். கேமராவைத் திறந்தால் பாவம், முதலில் தெரிவது அவன் கடைவாய்ப் பல்தான். பெயர் நான் வைத்தது, எல்லாருக்கும் பிடித்துவிட்டது.

"அண்ணா, ஒரு பத்து நிமிஷம் என் பேர்ல பதில் போட்டுடுங்களேன். ரெண்டும் சேர்ந்து கத்துது. உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று ஒருநாள் பாஸ்வேர்டைக் கொடுத்தான்.

பத்து நிமிடம் அரை நாளாக வளர்ந்தது. நான் முகம் சுளிக்கவில்லை. என் புகார்களை என் பெயரிலும், அவனுடையதை அவன் பெயரிலும் முடித்தேன். அவன் பெயரில் எழுதும்போது கை தானாகக் கொஞ்சம் கனிந்தது, ஏனென்று தெரியவில்லை. வாடிக்கையாளர்கள் நெகிழ்ந்துபோய் நன்றி எழுதினார்கள். அவனுக்கு.

ஒருநாள் கூட்டம் முடிந்தும் மைக்கை அணைக்க மறந்துவிட்டு, "இந்த வேலைய விட்டுத் தொலைச்சாத்தான் எனக்கு நிம்மதி" என்றான். குறித்துக்கொண்டேன்.

ஆமாம், அவன் பெயரில் போன அந்த ராஜினாமாக் கடிதம் நான் எழுதியதுதான். நான்கே வரி. "தயவுசெய்து போன் செய்யாதீர்கள், அழுதுவிடுவேன்" என்பது கடைசி வரி. மேனேஜர் இளகிய மனசுக்காரர், செய்யவில்லை. அன்றே விடுவித்துவிட்டார்.

மறுநாள் காலை கொட்டாவி கூப்பிட்டான்.

"அண்ணா, பாஸ்வேர்டு எடுக்கவே மாட்டேங்குது."

"நேத்துதான் நீ ராஜினாமா பண்ணிட்டியே, தம்பி."

"நானா?"

"நல்லா எழுதியிருந்தே."

கொஞ்ச நேரம் குழந்தைகள் மட்டும் அழுதன. பிறகு அவனும் சேர்ந்துகொண்டான். "என் ஒருத்தன் சம்பாத்தியத்துலதான் வீடு ஓடுது, அண்ணா. அவகிட்ட நான் எந்த முகத்தோட சொல்வேன்? நீங்களே மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க."

பேசினேன். கொட்டாவி முடிவில் உறுதியாக இருக்கிறான், சங்கடப்படுத்த வேண்டாம் என்று சொன்னேன். நோட்டில் அதையும் அடித்தேன்.

அவன் உங்களுக்குப் புகார் எழுதியதில் எனக்கு வருத்தமில்லை. சொல்லப்போனால், எழுத்தில் கனிவு போதவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் திருத்திக் கொடுத்திருப்பேன்.

தேதிகளைக் கேட்கிறீர்கள். அவன் அப்படிச் சொன்னது ஜனவரியில். கடிதம் போனது மே ஒன்பதாம் தேதி மாலை. அன்று காலைக் கூட்டத்தில் மேனேஜர், "நம்ம டீம்ல கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்னா, அது கொட்டாவியத்தான்" என்று எல்லாரையும் கைதட்டச் சொன்னார். நானும் தட்டினேன். நன்றாகவே தட்டினேன். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள், மேடம். வேலை நெரிசலில் அந்த ஒன்று மட்டும் நாலு மாதம் தேங்கிவிட்டது. அந்தத் தாமதத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.