பூந்தொட்டி வண்டிக்கு நான்கு வளையங்கள்

“…அதுக்காக கட்டுன புருஷனையா வண்டியோட சேத்துக் கட்ட முடியும்? நீங்களே சொல்லுங்க தம்பி. முடியாதுல்ல? அதத்தான் நானும் சொல்றேன். எங்க வீட்டுக்காரரு எண்பத்திரெண்டு கிலோ. சரி, நல்ல கனம்தான், இல்லேங்கல. ஆனா வண்டி ஒரு வளைவுல திரும்பினா அந்த எண்பத்திரெண்டு கிலோவும் தொட்டியோட சேந்து ஒரே பக்கமாத்தான சாயுது… அப்புறம் அவர் எதுக்குப் பின்னாடி உக்காரணும்?”

நாற்றுப்பண்ணைக்கார அம்மாள் இதைச் சொல்லியபோது, இருபத்திரண்டு வயதான தம் பிக்கப் வண்டியின் பின்கதவில் முதுகைச் சாய்த்து, உள்ளே எதையோ மறைக்கிறவரைப் போல நின்றுகொண்டிருந்தார். பட்டறைக்காரர் பதில் சொல்லவில்லை. இயல்பிலேயே பேச்சைச் செலவழிக்காத மனிதர் அவர். போதாததற்கு அந்த நேரத்தில் உதடுகளுக்கிடையே இரண்டு போல்ட்டுகளைக் கவ்விக்கொண்டிருந்தார். இப்படி வாய் அடைபட்ட ஒருவர் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை அம்மாள் அறிவார். கிடைத்த வாய்ப்பை அவர் வீணாக்கவில்லை.

“இந்த வண்டியச் செஞ்சவன் இருக்கானே… முன்னாடி சிகரெட் சாம்பல் தட்ட ரெண்டு கிண்ணம் வெச்சிருக்கான். ரெண்டு! பின்னாடி ஒரு கயிறு கட்ட ஒரு வளையம் வெக்கத் தோணல. ஏத்துன சாமான் எல்லாம் அடக்க ஒடுக்கமா, கையக் கட்டிட்டு உக்காந்துக்கும்னு நெனச்சிட்டான் போல. இப்ப வர்ற வண்டில எல்லாம் மூலைக்கு மூலை இருக்குதாமே? இருக்குல்ல? ம்… அதான். நாம வாங்கின காலத்துல நமக்குச் சாம்பல் கிண்ணம்தான் குடுப்பினை.”

அம்மாளின் குறை சாம்பல் கிண்ணத்தோடு முடியவில்லை. அவருடைய வாழ்வாதாரமே மறுநாள் காலை ஒன்பது மணியில் வந்து நின்றது. புதிதாகத் திறக்கப்படும் ஒரு ஹோட்டலின் வாசலுக்கு, சிமெண்ட் தொட்டியில் வளர்த்த பன்னிரண்டு எலுமிச்சை மரங்களைக் கொண்டுபோய் இறக்க வேண்டும். போன வாரம் மாதிரிக்கு ஒன்றைக் கொண்டுபோனார்கள். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதில், மாதிரி மட்டுமல்ல, மானமும் கவிழ்ந்தது.

“வண்டிய நான் ஓட்டறேன், இவரு பின்னாடி மரத்தக் கட்டிப்பிடிச்சிட்டு வர்றாரு தம்பி. முகம் பூரா முள்ளு. ஹோட்டல் வாசல்ல காவலுக்கு நிக்கிறவன் எட்டிப் பாத்துட்டு, ‘அம்மா, இவரையும் இங்கயே எறக்கணுமா’ங்கறான். நான் என்னத்தச் சொல்ல? ‘இல்லப்பா, இவரு திருப்பிக் கொண்டுபோற சாமான்’னு சொன்னேன். சிரிக்காதீங்க தம்பி, போல்ட்ட முழுங்கிருவீங்க. அதுக்கே இவருக்குக் கோவம். அப்புறம் பாத்தா தொட்டில கீறல். ஒரு மேனேஜரு வந்தான், சட்டையெல்லாம் மடிப்புக் கலையாம… சத்தமே போடல. சத்தம் போட்டிருந்தாத் தேவல, நானும் போட்டிருப்பேன். மெதுவா, ‘அம்மா, அடுத்த தடவ ஒண்ணுல கீறல் இருந்தாலும் பன்னெண்டையும் ஏத்திட்டுப் போயிருங்க’ன்னுட்டான். ஆறு வருஷமா வளத்த மரம் தம்பி. வேற யாரு வாங்குவா? எங்க வீட்டு வாசல்ல வெச்சா அப்புறம் நாங்க எப்படி வெளிய வர்றது?”

பட்டறைக்காரர் போல்ட்டுகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பின்கதவை நோக்கி வந்தார். அம்மாள் வலப்பக்கம் நகர்ந்து வழியை மறித்தார். அவர் இடப்பக்கம் வந்தார். அம்மாளும் இடப்பக்கம் வந்தார். வேறு வழியில்லாத ஒரு கட்டத்தில் பின்கதவு திறந்தது. தரையின் நடுவே ஒரு சாக்கு, ஐந்து மடிப்பு மடித்து, குழந்தையைப் படுக்கவைத்ததுபோலப் பாந்தமாகக் கிடந்தது. பட்டறைக்காரர் அதை ஒரு விரலால் தூக்கினார். அடியில் பளபளவென்று இரண்டு இரும்பு வளையங்கள்.

“அது… அது ஒண்ணுமில்ல. சும்மா. அழகுக்கு.”

பட்டறைக்காரர் அம்மாளைப் பார்த்தார்.

“சரி, நாந்தான் போட்டேன். என்ன இப்போ? அந்த மனுஷன் ‘இனிமே நான் பின்னாடி ஏற மாட்டேன், நான் என்ன மூட்டையா’ன்னு கேட்டுட்டாரு. கேட்டா நான் சும்மா இருப்பனா? ‘நீங்க ஏறவே வேணாம், ரெண்டு வளையம் உங்களவிட நல்லாப் பிடிக்கும்’னு சொல்லிட்டேன். சொன்ன பிறகு செஞ்சு காட்டணுமில்ல? அவரு மத்தியானம் தூங்கறப்ப டிரில் மெஷின எடுத்தேன். மூலைல போட்டா கயிறு நீளமா வேணும். நடுவுல போட்டாக் கொஞ்சம் போதும். கணக்கு சரிதான? வளையத்துக்கு ரெண்டு ஸ்க்ரூ. சின்னது இல்ல, ஆறு அங்குலம். நீளமா இருந்தாத்தான பிடிப்பு வரும்.”

பட்டறைக்காரர் ஒரு கடப்பாரையை வளையத்துக்குள் விட்டு லேசாக நெம்பினார். வளையம் அசையவில்லை, அதைச் சுற்றியிருந்த தரைத் தகடு மட்டும் காற்றில் திரும்பிக்கொண்ட குடையைப் போல உப்பி எழுந்தது. அவர் கடப்பாரையை எடுத்ததும் தகடு ‘டக்’கென்று ஓர் ஒலியோடு அமுங்கியது. துரு நான்கு விரல் தூரத்துக்குத் தெறித்தது.

“பாத்தீங்களா, ஸ்க்ரூ வரல பாத்தீங்களா? தகரம்தான் வருது. அப்ப தப்பு என் மேல இல்ல, தகரத்து மேல. நீங்க மூலைக்கு ஒண்ணா நாலு போட்டுக் குடுங்க, கீழ இரும்புச் சட்டம் இருக்குமே, அத ஒட்டி. அடில கனமா ஒரு தகடு வெச்சு, அதுக்கு மேல நட்டு… ஆமா, எனக்கும் தெரியும், கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டேன். துளை போட்ட ஓரத்துக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சிருங்க. அவ்வளவுதான், மேல நின்னே செஞ்சிரலாம். கீழ எல்லாம் போக வேணாம் தம்பி. கீழ ஒரே சேறு. சட்டை கெட்டுரும். தம்பி… தம்பி…”

சொல்லச் சொல்லப் பட்டறைக்காரர் கைவிளக்கை எடுத்துக்கொண்டு, மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டார். வெளியே இரண்டு செருப்புகள் மட்டும் மிச்சமிருந்தன. அம்மாள் அந்தச் செருப்புகளையே பார்த்துப் பேச்சைத் தொடர்ந்தார். ஆனால் குரலில் இருந்த வேகம் சற்றே குறைந்திருந்தது.

“துளை போடறதுக்கு முன்னாடி அடில என்ன இருக்குன்னு பாக்கணும்னு சொல்வாங்கதான். யாரு படுத்துப் பாக்கறது? எனக்கு முட்டி மடங்காது. மடங்கினா நிமிராது.”

அடியில் சங்கிலி உரசும் சத்தம் கேட்டது. அந்த ரக வண்டிகளில் ஸ்டெப்னி சக்கரம் பின்தரைக்கு நேர் அடியில், ஒரு சங்கிலியில் படுக்கைவசமாகத் தொங்கும். துளை போட இடம் வேண்டுமென்றால் அதை முதலில் இறக்கியாக வேண்டும். பட்டறைக்காரர் சங்கிலியைத் தளர்த்தினார். பிறகு கழற்றியே விட்டார். ஸ்டெப்னி ஒரு பக்கம் ஒரு சாண் இறங்கியது. மறுபக்கம் இறங்க மறுத்து, யாரோ மேலிருந்து காதைப் பிடித்துத் தூக்கியதுபோல அந்தரத்தில் நின்றது.

வெளியே செருப்புகள் அசையவில்லை.

“துருவா இருக்கும்,” என்றார் அம்மாள்.

செருப்புகள் பேசாமல் இருந்தன.

“சரி, சொல்லிடறேன். ஸ்க்ரூ இறங்கறப்ப மொதல்ல லேசாப் போச்சு. அப்புறம் பாருங்க, என்ன பிடிப்பு! சும்மா மென்னு தின்னுட்டுப் போற மாதிரி இறங்குது. ஆஹா, கைராசின்னு நெனச்சேன். நாலாவது ஸ்க்ரூல உஸ்ஸ்னு ஒரு சத்தம். பாம்புன்னு நெனச்சு வண்டி மேலயே நின்னுட்டேன் தம்பி, அரை மணி நேரம். பக்கத்து வீட்டுக்காரர் கம்போட வந்து சுத்திச் சுத்தித் தேடினாரு. பாம்பு எங்க இருக்கு… டயர்தான் சீறியிருக்கு. மறுநாள் எனக்குப் புரிஞ்சு போச்சு. புரிஞ்சா? ஸ்க்ரூவக் கழட்டினா மிச்சக் காத்தும் ஒரேயடியாப் போயிரும், அந்தச் சத்தத்துக்கு இவரு என்னன்னு பாக்க வந்துருவாரு. அதான் மேல சாக்கப் போட்டு வெச்சேன்.”

இத்துடன் நிறுத்தியிருந்தால் அம்மாளின் மரியாதையில் பாதியாவது மிஞ்சியிருக்கும். ஆனால் வாய் திறந்த பிறகு பாதியில் மூடும் வழக்கம் அவரிடம் இல்லை.

“அதோட போச்சா… ஸ்டெப்னில காத்தில்லன்னு அவரே கண்டுபிடிச்சிட்டாரு. ‘என்ன இது’ன்னாரு. நான் என்ன சொல்லியிருக்கணும்? சொல்லல. ‘நீங்க ஒழுங்காப் பாத்துக்கிட்டாத்தான? ஒரு டயருக்குக் காத்தடிக்கத் துப்பில்ல, மூட்டையான்னு கேக்க மட்டும் வருது’ன்னுட்டேன். நம்பிட்டாரு தம்பி. நாலு நாளா காலைல எழுந்ததும் மொத வேல, வண்டிக்கு அடில போயி கால் பம்ப்ப மாட்டி அடிக்கிறாரு. சாயங்காலம் இறங்கிருது. மறுபடி அடிக்கிறாரு. ‘டயருக்கும் வயசாச்சு, அதுக்கும் மூச்சு வாங்குது’ங்கறாரு. என் மேல ஒரு சந்தேகம் வரணுமே… வரல. அதான் எனக்குத் தாங்கல. திட்டினாப் பதிலுக்குத் திட்டலாம். நம்பினா என்ன பண்றது?”

பட்டறைக்காரர் வெளியே வந்தார். முழங்கையில் சேறு. திருப்புளியை எடுத்து, மேலே ஏறி, நான்கு ஸ்க்ரூக்களையும் கழற்றினார். அடியில் ஸ்டெப்னி தொப்பென்று விழுந்து, கடைசி மூச்சையும் விட்டுப் படுத்தது. நான்கையும் துணியில் துடைத்து அம்மாளின் உள்ளங்கையில் வைத்தார்.

அதன்பின் வேலை மளமளவென்று நடந்தது. ஒவ்வொரு மூலையிலும் அடியில் விளக்குப் பிடித்துப் பார்த்த பிறகே துளை விழுந்தது. குறுக்குச் சட்டத்தை ஒட்டிக் கனத்த தகடு, தகட்டின் மேல் வாஷர், வாஷரின் மேல் நட்டு. பழைய துளைகளைத் துண்டுத் தகடு வைத்து அடைத்து, துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தார். கடைசியில் பட்டறைக் கூரைச் சட்டத்தில் தொங்கிய கப்பிச் சங்கிலியை ஒரு வளையத்தில் மாட்டி இழுத்தார். தகடு உப்பவில்லை, வண்டியின் பின்பக்கமே தரையைவிட்டு எழும்பியது. நான்கு வளையங்களிலும் அதே சோதனை. ஒவ்வொரு முறை சக்கரம் மேலெழும்போதும் அம்மாளின் புருவமும் கூடவே எழுந்தது.

“இது பிடிக்கும். பன்னெண்டு தொட்டி என்ன, ஹோட்டலையே கட்டி இழுத்துட்டு வந்துரலாம். தம்பி, ஒரே ஒரு உதவி. ஸ்டெப்னி பஞ்சராகிக் கெடந்துச்சு, ரோட்டுல கெடந்த ஆணி ஏறிருச்சுன்னு மட்டும் நீங்க அவர்கிட்ட சொல்லிருங்க. நீங்க சொன்னா நம்புவாரு. நான் சொன்னாலும் நம்புவாரு, ஆனா நான் சொல்ல மாட்டேன், எனக்கு மனசு வராது. ஒரே ஒரு வார்த்த தம்பி, ஆணின்னு… தம்பி?”

பட்டறைக்காரர் தெருமுனையைப் பார்த்தார். பிறகு கையைக் கழுவப் போகிறவரைப் போலப் பின்கட்டுக்குள் போய்விட்டார். கதவை உள்பக்கமாகச் சாத்தும் ஒலியும் கேட்டது.

தெருமுனையிலிருந்து வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார். கையில் கால் பம்ப். காற்றில்லாத ஸ்டெப்னியோடு மனைவி பட்டறைவரை போய்விட்டாரே என்று, வேர்க்க விறுவிறுக்க நடந்தே வந்திருந்தார். எலுமிச்சை முள் கிழித்த கோடுகள் கன்னத்தில் இன்னும் ஆறவில்லை. தரையில் கிடந்த ஸ்டெப்னியைப் பார்த்தார். அதில் நேர்கோட்டில் இரண்டிரண்டாக நான்கு துளைகள். எந்த ரோட்டிலும் ஆணிகள் இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நிற்பதில்லை. அவர் பார்வை மெல்ல உயர்ந்து அம்மாளின் மூடிய கையில் வந்து நின்றது.

“அது வந்து… என்னங்க…” என்றார் அம்மாள்.

வீட்டுக்காரர் கையை நீட்டினார். அம்மாள் நான்கு ஸ்க்ரூக்களையும் அதில் வைத்தார். கை மூடவில்லை; நீட்டியபடியே இருந்தது. அம்மாள் சற்று யோசித்து, இடுப்பில் செருகியிருந்த வண்டிச் சாவியையும் எடுத்து அதன் மேல் வைத்தார். இப்போது கை மூடியது.

அவர் பின்பக்கம் ஏறவில்லை. நான்கு வளையங்களையும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு ஓட்டுநர் கதவைத் திறந்து, இருக்கையைத் தம் வயிற்றுக்குத் தக்கபடி பின்னுக்குத் தள்ளி, அமர்ந்தார். ஸ்க்ரூக்களைச் சாம்பல் கிண்ணத்தில் போட்டார். அம்மாள் கால் பம்ப்பை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

வண்டி தெருமுனை திரும்பியது.

“கிளச்ச மெதுவா விடுங்க,” என்றார் அம்மாள். “நாளைக்குப் பின்னாடி மரம் இருக்கும்.”