விற்பனை என்று எழுதிய தாள்

ஸ்டேப்ளர் பின் கோணலாக இருந்தால் எனக்குப் பிடிக்காது, சார். கழற்றிவிட்டுத் திரும்ப அடிப்பேன். ஆபீசில் இதை வைத்துக் கேலி பேசுவார்கள். இருபத்திரண்டு வருடமாகச் சரிபார்ப்பதே வேலையாக இருப்பவனுக்கு இந்தக் குணம் வந்துவிடும்.

எங்கள் கம்பெனி குழந்தைகளுக்கான ஷூ தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. சரக்கு கப்பலேறி மூன்று மாதம் கழித்துத்தான் டாலர் வந்து சேரும். தோல் வியாபாரிக்கும் தைக்கிறவர்களுக்கும் உள்ளூர்ப் பணத்தில் கொடுக்க வேண்டும். இடையில் டாலர் இறங்கினால் லாபம் போகும், இன்னும் இறங்கினால் கூலியிலேயே கை வைக்க வேண்டிவரும். அதனால் வரப்போகிற டாலரை இன்றே ஒரு விலை பேசி வங்கிக்கு முன்கூட்டி விற்றுவிடுவோம். அதற்கப்புறம் விலை ஏறினாலும் நமக்கில்லை, இறங்கினாலும் நமக்கில்லை. முதலாளி சீட்டுக்கட்டைக் கூடத் தொடாத மனுஷர். அவருக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

போனில் வங்கியோடு பேசி முடிப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். பேசுகிறவர், தான் பேசியதை ரோஸ் நிறத் தாளில் கைப்பட எழுதி உடனே என்னிடம் தர வேண்டும். பேசியதை உறுதிசெய்து வங்கி அனுப்பும் சீட்டு எனக்கு மட்டும் வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும். வங்கிச் சீட்டு பேசியவர் கண்ணில் படவே கூடாது. பட்டால் தன் தப்புக்குத் தகுந்த மாதிரி தாளைத் திருத்திவிடலாம் அல்லவா. நல்ல விதி. எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

போனில் பேசியவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. ஏழு வருடம் முன்பு முதலாளியிடம் சொல்லி நான்தான் வேலையில் சேர்த்துவிட்டேன். எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தான். ஆபீசில் அவனை ‘டாலர் தம்பி’ என்பார்கள். எனக்கு வைத்த பெயர் ‘ரெண்டாவது கையெழுத்து’. இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“அடுத்த மாசத்துலேருந்து உங்க மச்சினன்தான் ஃபைனான்ஸுக்குத் தலைவர். நீங்க அவன்கிட்டயே ரிப்போர்ட் பண்ணிடுங்க. வீட்டு ஆளுதானே, உங்களுக்கும் சௌகரியம்.”

“ரொம்ப சந்தோஷம் சார்” என்றேன். வீட்டில் என் மனைவிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தெரு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். “பாத்தீங்களா என் தம்பிய?” என்று என்னிடமே நாலு தடவை கேட்டாள். எனக்குப் பொறாமை, சார். சுற்றி வளைக்க விரும்பவில்லை.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் அவன் ஒரு தையல் இயந்திரத்துக்காக யூரோ வாங்க வேண்டியிருந்தது. வாங்கி முடித்து, அதே மூச்சில் எட்டு லட்சம் டாலரையும் பேசினான். விற்க வேண்டியது. ‘வாங்குறோம்’ என்பது நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வங்கிக்காரர் திருப்பிச் சொல்லிக் கேட்டபோதும் ‘ஆமா ஆமா’ என்றிருக்கிறான். நாங்கள் இரண்டும் செய்கிற கம்பெனி என்பதால் அவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் தாளில் ‘விற்பனை’ என்று சரியாகவே எழுதி, என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். பதினொன்றே முக்காலுக்கு வங்கிச் சீட்டு வந்தது. அதில் எங்கள் கம்பெனி ‘வாங்கியது’ என்றிருந்தது.

உடனே சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலை. கொஞ்சம் பணம் போயிருக்கும், அவனே தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பான். நான் போனைக் கையில் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். மூன்று வேலை நாளில் மறுப்பு வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும் என்று சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். நான் கையெழுத்துகூடப் போட வேண்டியதில்லை. சாயங்காலம் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அவன் எனக்கு ஒரு பேனா வாங்கி வந்திருந்தான். “மாமா, இனிமே உங்க பாஸ் நான். கையெழுத்து இதுலதான் போடணும்” என்று கண்ணடித்தான். நல்ல பேனா. சொல்லத் தோன்றவில்லை.

முதல் பத்து நாள் டாலர் ஏறியது. அப்படியே ஏறிக்கொண்டே போனால் அவன் செய்த தப்பு லாபமாகிவிடும், முதலாளி அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். பதினோராம் நாள் இறங்க ஆரம்பித்தது. அதற்கப்புறம் நான் நன்றாகத் தூங்கினேன். தினமும் காலையில் விலையைப் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். அதையும் நீங்கள் கைப்பற்றி வைத்திருக்கிறீர்கள். அவனுக்கு ஒரே ஒரு தடவை நல்ல திட்டு விழ வேண்டும் என்பதுதான் என் எண்ணம், வேறு ஒன்றுமில்லை.

தவணை நாள் வந்தது. அடி இரண்டு பக்கமும் விழுந்தது. சரக்குக்கு வந்த டாலரும் மலிந்திருந்தது, போதாததற்கு இன்னும் எட்டு லட்சம் டாலரைப் பழைய விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. முந்நூற்றுப் பத்துப் பேருக்கு இரண்டு மாதக் கூலி நின்றது. வங்கியில் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். தன் குரலை அவனே கேட்டான்.

முதலாளி கத்தவில்லை. “இது வாய் தவறினதா, இல்ல டாலர் ஏறும்னு கம்பெனி பணத்துல சூதாடினியா? அத மட்டும் சொல்லு” என்றார்.

“சார், தாள்ல விற்பனைன்னுதான் எழுதினேன். மாமாகிட்ட இருக்கு, பாருங்க” என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “இந்த டீலுக்குத் தாளும் வரல, சீட்டும் என் கண்ணுல படல சார்” என்றேன்.

“மாமா, உங்க மேசையிலதானே வச்சேன்.”

“நல்லா யோசிச்சுப் பாரு மாப்ள” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

தாள் இல்லாத வியாபாரம் என்றால் ஒளித்துச் செய்த வியாபாரம் என்று அர்த்தம். அந்த வரியும் நான் எழுதிய விதிகளில் இருக்கிறது. அவனை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போலீசுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது நாள் அவன் மாடி அறையைப் புரட்டிப் போட்டுத் தேடினான். பழைய பைகள், சட்டைப் பைகள், குப்பைக்கூடை எல்லாம். சாப்பிடும்போது, “அக்கா, எனக்கு மறதி ஜாஸ்தியாயிட்ட மாதிரி இருக்கா?” என்று கேட்டான். “சின்ன வயசுலேருந்தே நீ எத ஒழுங்கா வச்சிருக்க?” என்றாள் அவள். கோபத்தில் சொன்னது. நான் அவனுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

தாளை ஏன் கிழித்துப் போடவில்லை என்று நேற்று கேட்டீர்கள். எட்டு வருடம் பாதுகாக்க வேண்டிய ஆவணம், சார்.

பத்தாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு போன் வந்தது. ஆபீசுக்கு எதிரே இருக்கும் கார் நிறுத்தும் கட்டடத்தின் ஆறாவது தளத்திலிருந்து பேசினான். என் ஜன்னல் வழியே அவனுடைய நீலச் சட்டை தெரிந்தது. கைப்பிடிச் சுவருக்கு உள்பக்கமா வெளிப்பக்கமா என்று உங்கள் ஏட்டு கேட்டார். வெளிப்பக்கம்தான்.

“மாமா, என்னைக் காப்பாத்த வேணாம். வேலையும் வேணாம். நான் எழுதினேனா இல்லையா, அது மட்டும் தெரிஞ்சா போதும். எனக்கு என் மேலயே நம்பிக்கை போயிடுச்சு மாமா.”

தாள் அப்போது என் முன்னால்தான் இருந்தது. அவன் கையெழுத்து கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். ‘விற்பனை’ என்ற சொல்லின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தான். நான் படித்துக் காட்டியிருந்தால் இறங்கி வந்திருப்பான். அது எனக்குத் தெரியும். அப்போதும் தெரியும்.

“நீ தாளே தரலடா” என்றேன்.

பிறகு, “சரி மாமா. அப்போ தப்பு எம்மேலதான்” என்றான். “நான் கூப்பிட்டேன்னு அக்காகிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டா.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவன் போய் மூன்று மாதமாகிறது, கடைசியாக ஒரு வார்த்தையாவது பேசினானா என்று அவள் தினமும் கேட்கிறாள். இன்றுவரை நான் வாயைத் திறக்கவில்லை. அவன் கேட்டு நான் மறுத்தது எதுவும் இல்லை, சார்.