அறுநூறு படமும் உண்மை

குப்பி கழுவுவதற்கும் ஒரு முறை இருக்கிறது, ஐயா. உள்ளே துணி விடக்கூடாது, நகம் படக்கூடாது. கீறல் விழுந்தால் ஒளி சிதறும். இதைப் படித்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு முப்பத்தோரு வருடம் ஓடிவிட்டது.

எங்கள் ஆய்வகத்தில் திசுவைக் கத்தியால் சீவ மாட்டோம். நாள்கணக்கில் மருந்தில் ஊறவைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுவோம். கடைசியாக ஒரு எண்ணெயில் போட்டால் திசு இருப்பதே தெரியாது. பெரிய டாக்டரே ஒருமுறை ஏமாந்தார்.

"யாரும்மா இந்தக் காலிக் குப்பிய இங்க வச்சது?"

"காலி இல்ல சார். எலியோட சிறுநீரகம் இருந்துது."

"எங்க, காணோமே?"

"இப்பத்தான சார் தொட்டில கொட்டினீங்க."

அவருக்கு இரண்டு பட்டம். மூன்றாவதும் வாங்கட்டும், கண் தெரியட்டும்.

அப்படி ஊறிய திசுவுக்குள் பக்கவாட்டிலிருந்து ஒளியை மெல்லிய தாள் போலச் செலுத்துவோம். ஒளித்தாள் எந்த அடுக்கில் நிற்கிறதோ அந்த அடுக்கு மட்டும் ஒளிரும். அடுக்குக்கு ஒரு படம். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று கருவிக்குச் சொல்வது நான். அதில் யாரும் தலையிடுவதில்லை. தலையிட ஆளுக்குத் தெரிந்தால்தானே.

இனி என் ஓரகத்தி. என் கொழுந்தனாரின் மனைவி. ஒரே வீடு, அவள் மாடி, நான் கீழே. வருகிறவர்களிடமெல்லாம் என்னை அறிமுகப்படுத்துவாள்: "எங்க அக்கா பெரிய ஆராய்ச்சிக்கூடத்துல குப்பி கழுவுறாங்க." எல்லாரும் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரரும் சிரிப்பார்.

அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. எடுத்தார்கள். நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க அக்குளிலிருந்து ஒரு நிணநீர் முடிச்சை எடுத்து எங்களிடம் அனுப்பினார்கள். அவரை விதையளவு இருக்கும். பரவியிருந்தால் உடனே மருந்து ஏற்ற வேண்டும், ஏற்றினால் பிழைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான் விஷயம்.

முடிச்சு ஊறித் தெளிந்த அன்று, ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போட அவளே வந்தாள். என் மேசையிலிருந்த குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இதுல ஒண்ணுமே இல்லையேக்கா."

"கீழ வைம்மா."

"பாருங்க டாக்டர், காலிக் குப்பிக்குக் காவல் இருக்கிறதுக்கு எங்க அக்கா காலைல அடிச்சுப் பிடிச்சு ஓடி வராங்க."

டாக்டர் சிரித்தார். சாக்கடைக்குச் சிறுநீரகம் ஊட்டியவர் சிரித்தார். அவள் கையில் பிடித்திருந்தது அவளுடைய முடிச்சுதான். நான் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல.

அவள் போன பிறகு ஒளித்தாளை மெல்ல ஓட்டி முழுவதையும் ஒருமுறை பார்த்தேன். மொத்தம் எண்ணூற்று நாற்பது அடுக்கு. அறுநூறு வரை சுத்தம். அறுநூற்றுப் பதினெட்டில் ஒரு பச்சைப் புள்ளி. எழுநூற்றில் கொத்தாக இருந்தது. புற்றுச் செல் மட்டும்தான் எங்கள் சாயத்தில் பச்சையாக ஒளிரும். எனக்குச் சந்தேகமே இல்லை.

கருவியில் முடிவு அடுக்கு என்ற இடத்தில் அறுநூறு என்று போட்டேன்.

இதைத்தான் நீங்கள் விசாரணைக் குறிப்பில் பொய் அறிக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள். நான் கொடுத்த அறுநூறு படமும் உண்மை. ஒன்றில்கூடக் கை வைக்கவில்லை. மீதி எங்கே என்று டாக்டர் கேட்டிருக்கலாம். அவர் நாலு படத்தைப் புரட்டிவிட்டு, "சுத்தமா இருக்கேம்மா" என்று கையெழுத்துப் போட்டார். ஒன்றுமே இல்லை என்று அவள் சொன்னாள், அதையே அறிக்கையும் சொன்னது.

மருந்து ஏற்றவில்லை. பதினான்கு மாதத்தில் எலும்புக்குப் பரவி இறந்தாள். புதிதாக வந்த டாக்டரம்மா பழைய குப்பியை எடுத்து மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள், முழுவதுமாக. அவர்கள் ஒருவர்தான் அங்கே வேலை தெரிந்தவர்.

நடுவில் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். அறிக்கை வந்த அன்று சாயங்காலமே நான் மாடிப்படி ஏறினேன், ஐயா. சொல்லத்தான் போனேன். அவள் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்களே உங்க கையால பாத்தீங்களாமே. டாக்டர் சொன்னார். நீங்க பாத்துட்டா போதும்க்கா, எனக்கு வேற யாரும் பாக்க வேண்டாம். இத்தனை நாள் உங்க அருமை தெரியாம பேசிட்டேன்."

இருபத்திரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் அவள் என்னை மதித்துப் பேசினாள். முகமெல்லாம் சிரிப்பு. அந்த நேரத்தில் போய் அதைச் சொல்லி அவள் மனதைக் கஷ்டப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. நான் அவ்வளவு கல்நெஞ்சுக்காரி இல்லை.