கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் நாற்பத்தொரு பேர்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, துறைத் தலைவர்களே, செவிலியர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியரின் துணைவியாரான அண்ணி அவர்களே, அனைவருக்கும் வணக்கம். இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன் பேசிய நால்வரும் நம் பேராசிரியரை மாமேதை என்றார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் எப்படி வேலை செய்தார் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன்.

நான் இந்தப் புற்றுநோய் ஆய்வுப் பிரிவின் புள்ளியியலாளன். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருநாள்கூட அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "கணக்கு, இங்க வா" என்பார். வாலை ஆட்டிக்கொண்டு போவேன்.

அவரது புகழ்பெற்ற ஆய்வு உங்களுக்குத் தெரியும். நானூறு நோயாளிகள். பாதிப் பேருக்குப் பழைய மருந்து, பாதிப் பேருக்குப் புது மருந்து. யார் எத்தனை நாள் உயிரோடு இருந்தார்கள் என்று இரண்டு கோடுகள் வரைந்து அவர் மேசையில் வைத்தேன். மூன்று ஆண்டு முடிவில் புது மருந்தின் கோடு உயரத்தில் நின்றது. ஆனால் முதல் மூன்று மாதத்தில் அதுதான் கீழே கிடந்தது! அந்த மூன்று மாதத்தில் பழைய மருந்தில் இறந்தவர்கள் பத்தொன்பது பேர். புது மருந்தில் நாற்பத்தொரு பேர். அவர்களில் பெரும்பாலோர் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். அந்த மருந்து முதலில் உடம்பைப் போட்டுப் பிழியும். தாங்கியவர்களை மட்டுமே வாழவைக்கும்.

பேராசிரியர் என்ன செய்தார் தெரியுமா? தன் மூக்குக்கண்ணாடிப் பெட்டியை எடுத்து, அந்த முதல் மூன்று மாதத்தின் மேல் வைத்தார். அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

"ஏம்பா கணக்கு, ஆரம்பத்துல எந்தக் கோடும் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். அதைப் போய் முறைச்சுப் பாத்துட்டு இருக்காத. கடைசியில எங்க நிக்குதுன்னு பாரு. எனக்கு ஒரே ஒரு நம்பர் குடு."

"சார், ஆபத்து எல்லா நாளும் ஒரே விகிதத்துல இருந்தாத்தான் ஒத்தை நம்பருக்கு அர்த்தம். இங்க முதல்ல கூடுது, அப்புறம் குறையுது. சோதிச்சும் பாத்துட்டேன், ஒத்து வரல."

"அதைப் பின்னிணைப்புல போடு. யாரு படிக்கப் போறாங்க?"

போட்டேன். பதினேழாம் பக்கத்தில் போட்டேன். 0.72 என்ற எண்ணை முதல் பக்கத்தில் போட்டேன். சாகும் ஆபத்து நூற்றுக்கு இருபத்தெட்டுப் பங்கு குறைவு! இதே அரங்கில் எழுந்து நின்று கைதட்டினீர்களே, நினைவிருக்கிறதா? பதினேழாம் பக்கத்தைப் படித்தவர்கள் இப்போது கை தூக்குங்கள், பார்ப்போம்.

ஒரு கைகூட எழவில்லை. இயக்குநர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

அறுபத்தெட்டாம் வயதில் அதே நோய் பேராசிரியருக்கே வந்தது. எந்த மருந்து என்ற கேள்வியே எழவில்லை. தன் மருந்தைத் தவிர வேறொன்றை அவர் தொடுவாரா? ஆனால் அண்ணி பயந்தார்கள். என் அறைக்கு வந்தார்கள். "தம்பி, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அவர் எத்தனை நாள் இருப்பார்?" என்று கேட்டார்கள்.

அண்ணி, நீங்கள் நாள் கணக்கைக் கேட்டீர்கள். நான் 0.72 என்றேன். உங்கள் முகம் தெளிந்ததைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் வயதில், அந்த மருந்தில், முதல் மூன்று மாதம் என்ன நடக்கும் என்று இந்தக் கட்டிடத்திலேயே மனப்பாடமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மருந்து தொடங்கிய எழுபத்தொன்பதாம் நாள் அவரைப் பார்க்கப் போனேன். வாயெல்லாம் புண். எழுத்துக்கூட்டுவதுபோல் பேசினார்.

"கணக்கு, நான் பெட்டிக்கு அடியில இருக்கேன், இல்ல?"

"ஆமா சார்."

"என்னையும் சேத்துக்கோ. நாப்பத்திரெண்டுன்னு போடு."

"முடியாது சார். ஆய்வு முடிஞ்சுபோச்சு. நீங்க அதுல இல்ல."

அவரிடம் உண்மையைச் சொல்லி, அதிலேயே நான் நின்ற ஒரே நாள் அது. அதைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக இன்றுவரை என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. எண்பத்தொன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று நால்வரும் சூளுரைத்தார்கள். எந்தப் பணியை? நாளை காலை ஒன்பது மணிக்கு மூவருக்கு அதே மருந்து தொடங்குகிறது. ஒருவருக்கு எழுபத்தொரு வயது. அவருடைய மகள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மரியாதைக்காக வந்திருக்கிறார். அம்மா, உங்கள் அப்பா கையெழுத்துப் போட்ட படிவத்தில் ஒரு எண்தான் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் என் அறைக்கு வாருங்கள். இரண்டு கோடுகளையும் காட்டுகிறேன். எத்தனை நாள் என்று நீங்கள் கேட்டால், நாள் கணக்கைத்தான் சொல்வேன். யார் தடுத்தாலும் சொல்வேன்.

அவர் படத்தின் பக்கத்தில் அந்தக் கண்ணாடிப் பெட்டியை வைத்திருக்கிறீர்கள். அண்ணி, அதை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். இந்தக் கட்டிடத்தில் அது இருந்தால் இன்னொருவர் எடுத்துக் கோட்டின் மேல் வைப்பார். அநேகமாக நானே வைப்பேன்.