ஆறிய புண்

"நீ என்ன படிக்கிறே, பாப்பா?" என்று ரோசலின் சிஸ்டர் ஒருநாள் கேட்டார். ஆஸ்பத்திரியில் வேறு யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எட்டாவது என்றேன். அம்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் ஆபரேஷன் ஆனதிலிருந்து நான் பள்ளிக்கூடமே போகவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

அம்மாவால் பேசவும் முடியாது, விழுங்கவும் முடியாது. வயிற்றில் துளை போட்டு ரப்பர்க் குழாய் வைத்திருந்தார்கள். கேழ்வரகுக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, ஆற வைத்து, புனல் வழியாக ஊற்றுவேன். அப்பா பிரேசர் டவுன் பேக்கரியில் மாவு பிசைகிறவர். அந்தக் குழாயை அவரால் பார்க்க முடியாது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் அம்மாவோடு பேசுவார்.

"எங்க நர்சுங்களே உங்கிட்ட பிச்சை வாங்கணும்," என்று வீட்டுக்கு அனுப்புகிற அன்று சிஸ்டர் சிரித்தார். "கட்டியை பில்குல், மிச்சமே இல்லாம எடுத்துட்டாங்க. இதே மாதிரி பாத்துக்கோ, அம்மா இன்னும் ரொம்ப வருஷம் இருப்பாங்க. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. ட்யூப் வெளிய வந்துட்டா ஒடனே கூட்டிக்கினு வா. ஓட்டை மூடிக்கும். இன்னொரு தடவை கத்தி வெச்சா இந்த ஒடம்பு தாங்காது."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். நானும் சிரித்தேன். ஜட்கா வண்டி எங்கள் ஜீவனஹள்ளிக்குள் திரும்பும்வரை அந்த ரொம்ப வருஷத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். என் வகுப்புப் பெண்கள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வேலைக்குப் போன பிறகும் நான் புனலைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு காலை, அப்பா வேலைக்குப் போனபின், அம்மா இருமினாள். குழாய் வெளியே வந்துவிட்டது. நான் இழுக்கவில்லை. அதை மட்டும் நம்ப வேண்டும். அம்மா கையை நீட்டி வாசலைக் காட்டினாள். கதவைச் சாத்தச் சொல்கிறாள் என்று நினைத்துச் சாத்தினேன். திரும்பவும் காட்டினாள். தாழ்ப்பாளும் போட்டேன்.

துளையைத் துடைத்துச் சுத்தமான துணி கட்டினேன். எந்தப் புண்ணையும் ஆற விடுவதுதானே நல்லது. அன்றும் மறுநாளும் கஞ்சி காய்ச்சினேன். வீட்டில் அந்த வாசனை இல்லாவிட்டால் அப்பா கவலைப்படுவார். ஆறியதும் சாக்கடையில் ஊற்றினேன். அதற்குள் அம்மாவின் கை எழாமல் போயிருந்தது.

"அப்பா, அம்மா வயித்துப் புண்ணு ஆறிடுச்சு."

"நெசமாவா?" முதல் முறையாக அவர் சுவரைவிட்டுத் திரும்பினார். "நீ கைராசிக்காரிம்மா. மொதல்ல ஆத்தாளுக்குக் கற்பூரம் ஏத்தணும்."

ஏற்றினார். பிறகு, சிஸ்டரிடமும் காட்டிவிட்டு வரலாம் என்று ஜட்காவைக் கூப்பிட்டார்.

சிஸ்டர் துணியை அவிழ்த்தார். "எப்போ வெளிய வந்துச்சு?"

"முந்தாநேத்து காலையில," என்றேன். நான் எதையும் மறைக்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

"உங்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, பாப்பா."

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி வைத்த கத்தியை அம்மா தாங்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் பள்ளிக்கூடப் பாவாடையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, "இனிமே நான் ஸ்கூலுக்குப் போலாம் இல்லப்பா?" என்று கேட்டேன்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்க்கத்தான் போயிருப்பார்.