நாற்பது தாளம் சும்மா

"வாசிக்கிறதுல எனக்குப் பயமே இல்ல தம்பி. வாசிக்காம இருக்கிறதுதான் பயமா இருக்கு."

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம், அரியலூரிலிருந்து ஏலாக்குறிச்சி போகிற பஸ்ஸில், என் முன் சீட்டில் கேட்டது இது. பேசியவர் மடியில் ஒரு வயலின் பெட்டி. பக்கத்திலிருந்த இளையவர் மடியிலும் ஒன்று. மாதா கோயில் திருவிழாவுக்கென்றே அங்குள்ள சாமியார் புதிதாக எழுதச் சொல்லி வாங்கிய இசையை, அன்று சாயங்காலம் இவர்களுடைய திருச்சிக் குழு கோயிலில் முதல்முறையாக வாசிக்கப் போகிறதாம்.

"நடுவுல நம்ம ரெண்டு பேருக்கும் நாப்பது தாளம் வேலை இல்ல. எண்ணிக்கிட்டே சும்மா ஒக்காந்திருக்கணும். சரியா அப்பப் பாத்து ஆறு மணி அடிப்பாங்க."

"அடிச்சா அடிக்கட்டும்ண்ணே."

"கோயில் மணி கேட்டா என் வாய் தானா மூவேளை செபம் சொல்ல ஆரம்பிச்சிரும். சின்னதுலேர்ந்து பழக்கம். எண்ணிக்கை போயிரும். ஒத்திகையில மத்தியான மணிக்கு அப்படித்தான் ஆச்சு. நான் லேட்டா எடுத்தேன். ஏன், நீயும்தான லேட்டா எடுத்த?"

இளையவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"இன்னைக்கு நான் விட்டாலும் நீ சரியா எண்ணிரு. உன்னப் பாத்து நான் எடுத்துக்கிறேன்."

இளையவர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"அண்ணே, நான் என்னைக்குண்ணே எண்ணுனேன்? நீங்க வில்லைத் தூக்குறதப் பாத்துத்தான் நானும் தூக்குறேன்."