பதினேழாவது அறை

மார்ட்டின்: இன்னைக்கு எத்தன?

ஜாக்குலின்: எதுங்க?

மார்ட்டின்: அரே, நடிக்காத. ஃபெரி ஏறுனதுல இருந்து போனையே பாத்துட்டு வார. கேமுக்கு நீ செஞ்சு போட்ட மோடு... எத்தன பேரு டவுன்லோடு பண்ணிருக்கான்?

ஜாக்குலின்: நாப்பதாயிரம்... தாண்டிருச்சு.

மார்ட்டின்: நாப்பதாயிரம்! ஒலகத்துல எவனுக்கும் வேல இல்ல போல.

ஜாக்குலின்: எனக்கே புரியலங்க. டிராகன் பறக்குற கேமுக்குள்ள புதுசா ஒரு சின்னத் தீவு. படகு நிக்க ஒரு ஜெட்டி, ஒரு டீக்கட. சண்ட கூட கெடையாது...

மார்ட்டின்: அதத்தான் நானும் கேக்கேன்! அதே கேமுக்கு நான் கோட்ட கட்டிருக்கேன். பதினாறு ரூமு, மூணு பூதம். எத்தன பேரு எறக்கிருக்கான்? ஒம்பது!

ஜாக்குலின்: மெள்ளப் பேசுங்க. எல்லாரும் பாக்காங்க.

மார்ட்டின்: பாக்கட்டும். கேம் எடிட்டரத் தொறக்க ஒனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான? ஒரு கதவு வைக்க மூணு நாள் எடுத்தவ நீ.

ஜாக்குலின்: நாலு நாள்.

மார்ட்டின்: சிரிக்காத. வயிறு எரியுது, ஜாக்கி. கட்டுன பொண்டாட்டியப் பாத்து வயிறு எரியுது. கோயில்ல முட்டி போட்டுச் சொல்லியும் பாத்துட்டேன்... போக மாட்டேங்கு.

ஜாக்குலின்: இனிமே எரியாது. இன்னைக்குத் தீவ எடுத்துரப் போறேன்.

மார்ட்டின்: க்யா? ஏன்?

ஜாக்குலின்: ஒருத்தன் விடாம திட்டுதான். நார்வேக்காரனாம். பதினாலு கமெண்டு. அதப் படிச்சுட்டு எடிட்டரத் தொறக்கவே கை வரலங்க.

மார்ட்டின்: ம்... எப்ப எடுக்கப் போற?

ஜாக்குலின்: சந்தோஷமா?

மார்ட்டின்: சீச்சீ... சும்மா கேட்டேன்.

ஜாக்குலின்: கடைசியா என்ன எழுதிருக்கான் தெரியுமா? டீக்கட எடது பக்கம் இருக்கணுமாம். நான் வலது பக்கம் வச்சிருக்கேனாம். கண்ணு தெரியாதான்னு கேட்டுருக்கான்.

மார்ட்டின்: சரியாத்தான சொல்லிருக்கான். அங்கம்மாக்கா கட எடது பக்கம்தான?

ஜாக்குலின்: எந்த அங்கம்மாக்கா?

மார்ட்டின்: இப்ப ஃபெரி ஏறுனோமே, நம்ம பாம்பூஃப்ளாட் ஜெட்டியில...

ஜாக்குலின்: அது நம்ம ஜெட்டின்னு நான் எங்கயும் எழுதலியே. நாப்பதாயிரம் பேரும் நானா கற்பன பண்ணுனதுன்னுதான் நெனச்சிட்டு இருக்காங்க. மெயின்லேண்டுக்காரனுக்கே தெரியாத டீக்கட... நார்வேக்காரனுக்கு எப்படித் தெரியும்?

மார்ட்டின்: ஒண்ணே ஒண்ணு எழுதுவோம்னுதான்... கை நிக்கல, ஜாக்கி.

ஜாக்குலின்: பதினாலு.

மார்ட்டின்: எடுக்காத. தப்பு என் மேலதான். ஒனக்காவது நாப்பதாயிரம் பேரு. எனக்கு கமெண்டுல வார அந்தப் போலந்துக்காரன் ஒருத்தன்தான். "அடுத்த ரூமு எப்ப, அடுத்த ரூமு எப்ப"ன்னு அவன் கேக்கலன்னா கோட்டைய எப்பவோ விட்டுருப்பேன். பதினேழாவது ரூம இன்னும் வெளிய போடல... அவனுக்கு மட்டும்தான் அனுப்பிருக்கேன். ஒருத்தன் நல்லதாச் சொன்னா எப்படி இருக்கும்னு தெரிஞ்சும்... ஒனக்குப் போயி...

ஜாக்குலின்: சாத்தாம் ஜெட்டி வந்துருச்சு. எந்திரிங்க.

மார்ட்டின்: ஏதாவது சொல்லிட்டுப் போ. திட்டவாவது செய்.

ஜாக்குலின்: பதினேழாவது ரூமுல வெளிய வர கதவே வைக்கல நீங்க. நேத்து சாயங்காலம் முழுக்க உள்ளயே மாட்டிக்கிட்டுக் கெடந்தேன்.